ரே சார்லஸ்: சர்ச் பாட்டில் வார்த்தையை மாற்றியது மட்டும்தானா?

#1 – புதுக்கட்டை61

அமெரிக்கப் பாடகரும் பியானோக்காரருமான ரே சார்லஸ் பற்றி எங்கே படித்தாலும் ஒரே வரிதான்: "காஸ்பலையும் ப்ளூஸையும் கலந்தார், சோல் பிறந்தது." காஸ்பல் என்கிற சர்ச் பாட்டிலிருந்து எதை, ப்ளூஸ் என்கிற கறுப்பின மக்கள் பாட்டிலிருந்து எதை, எந்த அளவில் கலந்தார் என்று ஒருவரும் சொல்வதில்லை. மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு ஆண்டவர் இருந்த இடத்தில் காதலியை உட்கார வைத்துவிட்டாரா? அவ்வளவுதான் என்றால் அதை யார் வேண்டுமானாலும் செய்திருக்கலாமே.

கையில் இருப்பது 61 கட்டை கீபோர்டு. சி, எஃப், ஜி மூன்று கார்டையும் (கார்டு என்றால் சில நோட்டுகளைச் சேர்த்தடிப்பது) மாற்றி மாற்றி அடித்தால் பிறந்தநாள் பாட்டு மாதிரிதான் வருகிறது. அந்த சர்ச் வாசனைக்கு என்ன செய்ய வேண்டும்?

கூடவே இரண்டு சந்தேகம். அவர் பிறவியிலேயே பார்வை இல்லாதவரா? ஜார்ஜியா மாநிலம் அவருக்கு வாழ்நாள் தடை போட்டது என்கிறார்களே, உண்மையா?

#2 – தட்டுப்பிரியன்

வார்த்தை மாற்றிய கதைக்கு ஆதாரம் இருக்கிறது. 1954-ல் சதர்ன் டோன்ஸ் என்ற குழுவின் காஸ்பல் பாட்டு ஒன்று வண்டி ரேடியோவில் ஓட, அதன்மேல் ரேயும் அவருடைய ட்ரம்பெட்காரர் ரெனால்ட் ரிச்சர்டும் வேறு வரிகளைப் போட்டுப் பாட, அப்படி வந்ததுதான் 'ஐ காட் அ உமன்'. ஆனால் அதற்கு முந்தைய ஐந்து வருட இசைத்தட்டுகளைக் கேட்காமல் இதைப் பேசினால் பாதிதான் புரியும்.

1949-ல் 'கன்ஃபெஷன் ப்ளூஸ்' வந்தது. பியானோ, கிட்டார், பேஸ், ட்ரம் கிடையாது. அப்படியே பாடகர்-பியானோக்காரர் நாட் கிங் கோலின் மூவர் குழு மாதிரி. குரலில் பாதி கோல், பாதி ப்ளூஸ் பாடகர் சார்லஸ் பிரவுன். நல்ல நகல், அதனால் விற்கவும் விற்றது, ஆர் அண்ட் பி (கறுப்பின ரசிகர்களின் ஜனரஞ்சக இசை) பட்டியலில் 2-ஆம் இடம். 1951-ல் 'பேபி, லெட் மீ ஹோல்ட் யுவர் ஹேண்ட்', அதுவும் அதே தினுசு. 1952-ல் அட்லாண்டிக் இசைத்தட்டுக் கம்பெனி, பழைய கம்பெனியான ஸ்விங் டைமிடமிருந்து அவருடைய ஒப்பந்தத்தை 2,500 டாலருக்கு வாங்கியபோது வாங்கியது ஒரு கெட்டிக்கார நகலைத்தான்.

நடுவில் பலர் தாண்டிப் போகிற ஒரு வேலை 1953-ல் நியூ ஆர்லியன்ஸில் நடந்தது. கிட்டார் ஸ்லிம் என்பவர் பாடிய 'த திங்ஸ் தட் ஐ யூஸ்ட் டு டூ' பாட்டுக்கு ரேதான் அரேஞ்ச்மென்ட், பியானோவும் அவரே. ஸ்லிம் அழகாகப் பாடுகிற ஆள் இல்லை, தொண்டையைக் கிழித்துப் பாடுகிறவர். பாட்டு அடுத்த வருடம் பெரிய ஹிட். அதற்குப் பிறகு ரேயின் குரலில் அந்த மிருதுத்தன்மை காணாமல் போகிறது. அது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

அப்புறம்தான் 1954 நவம்பர் 18. அட்லாண்டா, ஜார்ஜியா டெக் கல்லூரியின் டபிள்யூஜிஎஸ்டி ரேடியோ நிலையம். நியூயார்க் ஸ்டூடியோவும் இல்லை, கூலிக்கு வந்த வாத்தியக்காரர்களும் இல்லை. ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு திரிந்த சொந்த பேண்ட், மேடையில் அடித்து அடித்துப் பழகிய பாட்டு. டான் வில்கர்சனின் டெனார் சாக்ஸ் சோலோவைக் கேளுங்கள். 1955-ல் ஆர் அண்ட் பி பட்டியலில் முதல் இடம்.

#3 – மந்தரஸ்தாயி

தட்டுப்பிரியன் சரித்திரத்தைச் சொல்லிவிட்டார், கைக்கு வருவோம்.

புதுக்கட்டை, உங்கள் மூன்று கார்டும் சரியானவைதான். பிரச்சினை, இடது கை ஒரு கார்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுகிறது. சர்ச் பியானோவில் பேஸ் தாவாது, படியேறும். சி கட்டையிலேயே சொல்கிறேன். இடது கைக்கு ஒற்றை நோட்டு மட்டும், வலது கைக்கு நடு சி-யை ஒட்டி மூன்று நோட்டு:

சி மேஜர்: இடது சி, வலது இ-ஜி-சி
சி7: இடது இ, வலது ஜி-பி ஃப்ளாட்-சி
எஃப் மேஜர்: இடது எஃப், வலது ஏ-சி-எஃப்
எஃப் ஷார்ப் டிமினிஷ்: இடது எஃப் ஷார்ப், வலது ஏ-சி-இ ஃப்ளாட்
சி மேஜர்: இடது ஜி, வலது ஜி-சி-இ
ஏ7: இடது ஏ, வலது ஜி-சி ஷார்ப்-இ
டி7: இடது டி, வலது எஃப் ஷார்ப்-ஏ-சி
ஜி7: இடது ஜி, வலது எஃப்-ஜி-பி

ஒவ்வொன்றுக்கும் இரண்டு அடி. மொத்தம் 16 அடி, அதாவது நான்கு பார் (ஒரு பார் என்பது இங்கே நாலு அடி). ஒவ்வொரு அடியும் மூன்றாகப் பிரிய வேண்டும், இது ரொம்ப முக்கியம். தாளம் தெரிந்தவர்களுக்கு: நாலு எண்ணிக்கை, திஸ்ர நடை, "தகிட தகிட தகிட தகிட". மெட்ரோனோமை 60-ல் வைத்தால் ஒரு சுற்றுக்கு 16 வினாடி. வேகமாகத் தெரிந்தால் 54-க்கு இறக்குங்கள், ஏற்றாதீர்கள்.

இடது கை சி, இ, எஃப், எஃப் ஷார்ப், ஜி, ஏ என்று ஏறுகிறதா? அந்த ஏற்றம்தான் நீங்கள் கேட்ட வாசனை. நாலாவது கார்டு இல்லாவிட்டால் எஃப்-லிருந்து ஜி-க்குப் போவது வெறும் நடை. அது வந்தால் கதவைத் தள்ளிக்கொண்டு போகிற மாதிரி இருக்கும்.

முடிக்கும்போது ஜி7-லிருந்து நேராக சி-க்கு வராமல், சி, எஃப், மறுபடி சி என்று அமருங்கள். ஆமென் பாடுகிற முடிப்பு அதுதான்.

#4 – புதுக்கட்டை61

நன்றி அண்ணா. ஆனால் அந்த எஃப் ஷார்ப் டிமினிஷ் மட்டும் காது கூசுகிறது. பேய்ப்படப் பின்னணி மாதிரி இருக்கிறது.

#5 – மந்தரஸ்தாயி

மூன்று காரணம் இருக்கலாம்.

பெடலை விடாமல் அழுத்திக்கொண்டிருப்பீர்கள். எஃப்-ம் எஃப் ஷார்ப்பும் ஒன்றாக ஒலித்தால் பேய் வரத்தான் செய்யும். கார்டு மாறுகிற அதே கணத்தில் காலை எடுத்து, புது நோட்டு விழுந்த பிறகு மறுபடி அழுத்துங்கள்.

இல்லையென்றால் இடது கையில் முழு கார்டையும் பிடித்திருப்பீர்கள். கீழ் ஸ்தாயியில் மூன்று நோட்டு நெருக்கமாக விழுந்தால் சேறு. ஒற்றை நோட்டு போதும், பழகிய பிறகு ஆக்டேவ்.

மூன்றாவது, அதில் நின்றுவிடுகிறீர்கள். அது தங்குகிற கார்டு இல்லை. அடுத்த ஜி பேஸ் நேரத்துக்கு வந்துவிட்டால் கூசாது.

இன்னொரு சின்ன விஷயம். வலது கையில் இ வரும் இடங்களில் நேராக இ-யை அடிக்காமல், அதே விரலை இ ஃப்ளாட் கறுப்புக் கட்டையிலிருந்து இ-க்கு வழுக்கி விடுங்கள். விரல் மாற்றக் கூடாது, ஒரே விரல். கறுப்புக் கட்டை உயரம், வெள்ளை தாழ்வு, அதனால் தானாக விழும். குரலில் வரும் அந்த இழைவுக்குப் பியானோவில் கிடைக்கிற பதிலி இவ்வளவுதான். நான்கு பாரில் ஒருமுறை போதும், ஒவ்வொரு இடத்திலும் போட்டால் மட்டமாகிவிடும்.

#6 – பாலைப்பழம்

பார்வை விசயத்துக்கு ஒருத்தரும் பதில் சொல்லேல்ல. பிறவியில இல்லை. 1930 செப்டம்பர் 23 ஜார்ஜியாவில ஓல்பனியில பிறந்தவர், வளர்ந்தது ஃப்ளோரிடாவில கிரீன்வில் எண்ட சின்ன ஊர். நாலு, ஐந்து வயதுக்குப் பிறகு கண் மங்கத் தொடங்கி 7 வயதில முழுக்கப் போயிட்டுது. குளுக்கோமா எண்டுதான் பொதுவாச் சொல்லுறது. அதுக்கு முதலே வைலி பிட்மன் எண்டவற்ற கடையில இருந்த பழைய பியானோவில பூகி வூகி எண்ட துள்ளல் ப்ளூஸ் பழகத் தொடங்கியிட்டார்.

1937-ல இருந்து 1945 வரைக்கும் சென்ட் ஓகஸ்டினில காது கேளாதோர், பார்வையற்றோருக்கான மாநிலப் பள்ளிக்கூடம். அங்க சொல்லிக் குடுத்தது ப்ளூஸ் இல்லை, பாக், மோட்சார்ட் எல்லாம். 1945-ல தாய் செத்துப் போக, திரும்பிப் பள்ளிக்கூடம் போகேல்ல. ஜாக்சன்வில், ஓர்லாண்டோ, டாம்பா எண்டு வேலை தேடினவர். டாம்பாவில ஃப்ளோரிடா பிளேபோய்ஸ் எண்ட வெள்ளையின கன்ட்ரி பேண்டிலயும் வாசிச்சவர், இதை ஞாபகம் வச்சிருங்கோ, பிறகு தேவைப்படும். 1948-ல நாட்டின்ர மற்ற மூலைக்கு, சியாட்டிலுக்குப் போனார். அங்கதான் தன்னை விட இரண்டு வயசு இளைய குவின்சி ஜோன்ஸைச் சந்திச்சது.

சொந்தப் பேர் ரே சார்லஸ் ரொபின்சன். குத்துச்சண்டைக்காரர் சுகர் ரே ரொபின்சனோட குழம்பக் கூடாது எண்டுதான் கடைசிப் பேரை விட்டது.

#7 – மந்தரஸ்தாயி

பாலைப்பழம் சொன்ன பள்ளிக்கூடத்தில் ஒரு விஷயத்தை விரித்துச் சொல்லவேண்டும். அவர் இசையைப் பிரெய்லில் படித்தார். கேள்வி ஞானம் மட்டும் என்று நினைப்பவர்கள் இங்கே தவறுகிறார்கள்.

பிரெய்ல் இசையில் கோடுகள் கிடையாது. ஆறு புள்ளிக் கட்டத்துக்குள்ளேயே எல்லாம். ஆங்கில 'டி' (d) எழுத்துக்கான புள்ளிகள் சி நோட்டு, 'இ' எழுத்துக்கானது டி நோட்டு, அப்படியே 'ஜே' வரை ஏழு நோட்டு. அது எட்டில் ஒரு பங்கு கால அளவு. ஆறாம் புள்ளி சேர்த்தால் கால் நோட்டு, மூன்றாம் புள்ளி சேர்த்தால் அரை நோட்டு, இரண்டும் சேர்ந்தால் முழு நோட்டு. கார்டு என்றால் ஒரு நோட்டை மட்டும் எழுதி மற்றவை எத்தனை இடைவெளியில் என்று குறிப்பார்கள், வலது கைக்கு மேலிருந்து கீழே, இடது கைக்குக் கீழிருந்து மேலே.

படிக்கவும் வாசிக்கவும் இருப்பது அதே இரண்டு கை. இடது கையால் தடவிப் படித்துக்கொண்டே வலது கைப் பகுதியை வாசிக்கலாம், பிறகு கை மாற்றலாம். இரண்டும் சேர வேண்டுமென்றால் இரண்டையும் மனப்பாடம் செய்தாக வேண்டும், வேறு வழியே இல்லை. நாலு நாலு பாராக மனதில் அடுக்கி எட்டு வருடம் பழகினவர். பிற்காலத்தில் பேண்டுக்கு ட்ரம்பெட்டுக்கு இது, ஆல்டோ சாக்ஸுக்கு இது என்று ஒவ்வொரு வாத்தியத்துக்கும் நோட்டு நோட்டாகச் சொல்ல, பக்கத்தில் ஒருவர் எழுதிக்கொள்வார். ரெனால்ட் ரிச்சர்ட் அப்படி எழுதியிருக்கிறார், பிறகு ஹாங்க் க்ராஃபோர்டும். முழு ஸ்கோரும் தலைக்குள் நிற்காமல் அந்த வேலை நடக்காது.

#8 – சால்டரிங்சாமி

'வாட் ஐ சே' பத்தி இன்னும் யாரும் வாய் திறக்கலையே! அதுல வர்றது சாதா பியானோ இல்லைங்க, வுர்லிட்சர் எலக்ட்ரிக் பியானோ. உள்ளே என்ன இருக்குன்னு தெரிஞ்சா அந்தச் சத்தம் ஏன் அப்படி உறுமுதுன்னு புரியும்.

கம்பி கிடையாது. ஒவ்வொரு கட்டைக்கும் ஒரு எஃகு ரீட், ஒரு முனை திருகி இறுக்கியிருக்கும், இன்னொரு முனை சும்மா நிக்கும். சுத்தி வந்து அடிச்சா அது ஆடும். ஆடுற முனை ஒரு உலோகத் தகட்டோட பள்ளத்துக்குள்ள மேலும் கீழும் போகும், அந்த இடைவெளி மாறுறதுதான் மின் சிக்னல். மெதுவா அடிச்சா மணி மாதிரி இருக்கும். ஓங்கி அடிச்சா ரீட் பள்ளத்தைத் தாண்டி வெளியே வந்து போகும், அப்போ வர்றதுதான் அந்தக் குரைப்பு. ரோட்ஸ்னு இன்னொரு எலக்ட்ரிக் பியானோ இருக்கு, அது வேற ஜாதி, அதுல காந்தப் பிக்கப் (அதிர்வை மின் சிக்னலாக்குற பாகம்).

பழைய வுர்லிட்சர் கையில கிடைச்சா:

சுருதி ரீட் முனையில இருக்கிற ஈயப்பொட்டுல இருக்கு. ஈயத்தைத் தேய்ச்சா சுருதி ஏறும், சேர்த்தா இறங்கும். தேய்ச்ச தூள் பள்ளத்துல சிக்கினா சரசரன்னு இரைச்சல் வரும், தூரிகையால தட்டி எடுக்கணும். ரீட்டைத் தினமும் ஓங்கி அடிச்சா உலோகம் களைச்சு ஒருநாள் முறியும், முறியறதுக்கு முன்னாடி சுருதி கொஞ்சம் கொஞ்சமா இறங்கும். ரொம்ப முக்கியம், பிக்கப் பக்கம் 150 வோல்ட்டுக்கு மேல நிக்கும். பிளக்கைப் பிடுங்கினாலும் கண்டென்சர்ல மிச்சம் இருக்கும். உடனே கையை விடாதீங்க.

தம்பி 61 கட்டைக்கு: உங்க கீபோர்டுல இ.பியானோ நாலஞ்சு இருக்கும். முதல்ல வர்றது பெரும்பாலும் ரோட்ஸ் சத்தம். பேர்ல வுர்லின்னோ ரீட்னோ இருக்கிறதைத் தேடுங்க. டச் ரெஸ்பான்ஸ் ஆன்ல இருக்கணும், இல்லேன்னா ஓங்கி அடிச்சாலும் மெதுவா அடிச்சாலும் ஒண்ணுதான்.

#9 – தட்டுப்பிரியன்

'வாட் ஐ சே' உட்கார்ந்து எழுதிய பாட்டே அல்ல. 1958 டிசம்பரில் பென்சில்வேனியாவின் பிரவுன்ஸ்வில்லில் ஒரு டான்ஸ் நிகழ்ச்சி. கையிருப்புப் பாட்டெல்லாம் தீர்ந்த பிறகும் ஒப்பந்தப்படி சுமார் 12 நிமிடம் பாக்கி. இடது கையில் ஒரு ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் சின்ன இசைத் துண்டு) ஆரம்பித்து, பின்பாட்டுப் பெண்களிடம் நான் சொல்வதைத் திருப்பிச் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு ஓட்டியதுதான்.

1959 பிப்ரவரி 18, நியூயார்க், அட்லாண்டிக் ஸ்டூடியோ. எஞ்சினியர் டாம் டௌட். அப்போது மற்ற கம்பெனிகள் பெரும்பாலும் இரண்டு, மூன்று ட்ராக்கில் (ஒரே டேப்பில் தனித்தனிப் பதிவு வரிசை) இருக்க, அட்லாண்டிக்கில் ஆம்பெக்ஸ் 8 ட்ராக் இருந்தது. பாட்டு ஆறரை நிமிடம் ஓடியது. ரேடியோவுக்கு அது இரண்டு பாட்டு நீளம். டௌட் தேவையற்றதை வெட்டி, நடுவில் பாட்டு முடிந்துவிட்டது போலவும் ஆட்கள் கெஞ்சி மறுபடி ஆரம்பிப்பது போலவும் வருகிற இடத்தில் பிரித்துத் தட்டின் இரண்டு பக்கத்தில் போட்டார். பக்கம் திருப்புகிற அசௌகரியமே நாடகமாகிவிட்டது.

ஆர் அண்ட் பி-யில் 1, பாப்பில் 6. அந்த முனகல்களுக்காகச் சில ரேடியோ நிலையங்கள் போட மறுத்தன.

#10 – மந்தரஸ்தாயி

வாசிக்க நினைப்பவர்களுக்கு: இ கட்டை, 12 பார். இ7 நான்கு பார், ஏ7 இரண்டு, இ7 இரண்டு, பி7 ஒன்று, ஏ7 ஒன்று, இ7 இரண்டு. இவ்வளவுதான் கார்டு. கஷ்டம் கார்டில் இல்லை. இடது கை ரிஃப் பாட்டு முழுக்கக் கூடாமல் குறையாமல் ஓட வேண்டும், வலது கை அதன் தலைமேல் சுதந்திரமாகத் திரிய வேண்டும். மில்ட் டர்னரின் ட்ரம் நேர் ராக் அடி இல்லை, லத்தீன் சாயல். அதனால் இங்கே "தகிட"வை மறந்துவிடுங்கள், இரண்டிரண்டாக எண்ணுங்கள். காஸ்பல் பழகிய கையோடு இதற்கு வந்து மூன்றாகப் பிரித்தால் பாட்டு நொண்டும்.

பாடும் சரணங்களில் முதல் நான்கு பாருக்கு பேண்ட் நின்று நின்று வெட்டும், ஐந்தாவது பாரில் எல்லாரும் விழுவார்கள். அந்த நான்கு பாரில் கை பரபரக்கும். நிரப்பாதீர்கள்.

#11 – கோரஸ்குயில்

ஆண்கள் எல்லாரும் பியானோவையே சுற்றி வருகிறீர்கள். ரேயின் பின்பாட்டுப் பெண்கள் குழுவான ரேலெட்ஸ் இல்லாமல் அந்தப் பாட்டில் என்ன மிச்சம்? குக்கீஸ் என்ற பெண்கள் குழுவிலிருந்து உருவானது அது. மார்ஜி ஹெண்ட்ரிக்ஸ் குரலைத் தனியாகக் கேட்க 1958-ல் பதிவான 'நைட் டைம் இஸ் த ரைட் டைம்' போதும். நடுவில் அவர் தனியாக எழுந்து பாடுகிற இடத்தில் ரேயே பின்பாட்டுக்காரர் ஆகிவிடுகிறார்.

சர்ச்சிலிருந்து எடுத்தது கார்டு மட்டுமில்லை. போதகர் ஒரு வரி சொல்ல, சபை பதில் சொல்லுமே, அந்த அமைப்பையே தூக்கி வந்தார். 'ஐ காட் அ உமன்' காலத்தில் பதில் சொன்னது சாக்ஸ், ரேலெட்ஸ் வந்த பிறகு குரல். பதில் எப்போது வருகிறது என்று கவனியுங்கள். அவர் வரி முடிவதற்குள் கோரஸ் நுழைந்துவிடும், கோரஸ் முடிவதற்குள் அவர் நுழைந்துவிடுவார். இரண்டும் கொஞ்சம் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். நம் ஆட்கள் மேடையில் இதைப் பாடும்போது ஒருவர் முடித்த பிறகு மற்றவர் என்று வரிசையில் நிற்கிறார்கள், அங்கேதான் சப்பென்று போகிறது.

பிக் பில் ப்ரூன்சி மாதிரியான மூத்த ப்ளூஸ் பாடகரே ஆன்மீகப் பாட்டையும் ப்ளூஸையும் ஒன்றாக்குவது தப்பு என்று கண்டித்தார். வெறும் வார்த்தை மாற்றமாக இருந்திருந்தால் இவ்வளவு சுட்டிருக்காது.

#12 – பாலைப்பழம்

இசையைப் பற்றி எல்லாரும் நல்லாச் சொல்லுறியள். ஆனா "வெற்றி" எண்ட சொல்லுக்கு 1959 நவம்பர் ஒப்பந்தத்தைப் பாக்கோணும். 'வாட் ஐ சே' வந்து நாலு மாசத்தில, உச்சத்தில நிக்கேக்க, அட்லாண்டிக்கை விட்டிட்டு ஏபிசி-பாரமவுண்ட் எண்ட வேற கம்பெனிக்குப் போனார்.

கிடைச்சது என்ன? வருசத்துக்கு 50,000 டொலர் முன்பணம். பாடகருக்கான ரோயல்டி வேற, தயாரிப்பாளருக்கான பங்கு வேற: செலவு போக வாற ஒவ்வொரு டொலரிலயும் 75 சதம். எல்லாத்தையும் விடப் பெரிசு, மாஸ்டர் டேப் பிறகு அவருக்கே சொந்தம்.

மாஸ்டர் எண்டால் விளங்காத ஆக்களுக்கு: பாட்டு எழுதினவருக்கு ஒரு உரிமை, பதிவு செய்த டேப்புக்கு இன்னொரு உரிமை. இரண்டாவது வழமையாக் கம்பெனிக்குத்தான். திரும்பத் தட்டடிக்க, தொகுப்பில போட, படத்துக்குக் குடுக்க எல்லாத்துக்கும் டேப் வச்சிருக்கிறவர்தான் கையெழுத்து. அந்தக் காலத்தில கறுப்பினப் பாடகருக்கு விடுங்கோ, வெள்ளையினப் பாடகருக்கும் உது கிடைக்கிறது அருமை. 1973-ல ஏபிசியை விட்டு வெளிக்கிடேக்க டேப்புகளையும் கொண்டுதான் வெளிக்கிட்டவர். லொஸ் ஏஞ்சலீசில வொஷிங்டன் பூலவாரில சொந்தக் கட்டிடம், சொந்த ஸ்டூடியோ, டாஞ்சரீன் எண்ட சொந்த லேபிள், எல்லாம் அதே கணக்குத்தான்.

#13 – தட்டுப்பிரியன்

ஒப்பந்தம் நல்லதுதான், இசைக்கு நல்லதா? என் கட்சி: ஏபிசிக்குப் போன பிறகு வயலின் கூட்டம் அதிகமாகி, அந்த ஏழு பேர் பேண்டின் உறைப்பு போய்விட்டது. 1962-ல் வந்த 'மாடர்ன் சவுண்ட்ஸ் இன் கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன் மியூசிக்' ஆல்பத்தில் பாதி, ஹோட்டல் வரவேற்பறையில் போடுகிற இசை.

#14 – பாலைப்பழம்

தட்டுப்பிரியன், இதில நீங்கள் பிழை. முதலாவது, வயலின் அட்லாண்டிக்கிலயே தொடங்கியிட்டுது, 1959-ல வந்த 'த ஜீனியஸ் ஒஃப் ரே சார்லஸ்' தட்டின்ர ஒரு பக்கம் முழுக்க ரால்ஃப் பேர்ன்ஸின்ர ஸ்ட்ரிங்ஸ். இரண்டாவது, கன்ட்ரி அவருக்குப் புதுசில்லை, மேல ஃப்ளோரிடா பிளேபோய்ஸ் சொன்னன். கம்பெனிதான் பயந்தது, அவர் இல்லை. ஆல்பம் 14 கிழமை முதலிடம். 'ஐ கான்ட் ஸ்டொப் லவிங் யூ'வை சிங்கிளா விடுற எண்ணமே இருக்கேல்ல. டாப் ஹன்டர் எண்ட நடிகர் அதே அரேஞ்ச்மென்டைக் கொப்பி அடிச்சு விட்ட பிறகுதான் ஏபிசி அவசரமா வெட்டிச் சுருக்கி விட்டது. 5 கிழமை நம்பர் 1.

#15 – மந்தரஸ்தாயி

இருவருக்கும் நடுவில் ஒரு வார்த்தை. 'ஐ கான்ட் ஸ்டாப் லவிங் யூ'வில் கோரஸ் கண்ணாடி மாதிரி நேராக, அடிக்கு அடி சரியாகப் பாடுகிறது. அதன்மேல் ரே எவ்வளவு தாமதமாக வருகிறார் என்று கேளுங்கள். வரியைக் கோரஸ் சொல்லி முடித்த பிறகு, அரை அடி, ஒரு அடி கழித்து நுழைகிறார். பின்னணி அவ்வளவு இறுக்கமாக இல்லாவிட்டால் அந்தத் தாமதம் தெரியவே தெரியாது. ஆனால் தட்டுப்பிரியன் சொல்வதிலும் உண்மை உண்டு: அந்தக் காலப் பதிவுகளில் பியானோ பல இடங்களில் ஊறுகாய் அளவுதான்.

#16 – புதுக்கட்டை61

ஜார்ஜியா தடை?

#17 – தட்டுப்பிரியன்

தடை இல்லை. 2004-ல் வந்த 'ரே' படம் அப்படிக் காட்டியதால் ஊரெல்லாம் பரவியது. 1961 மார்ச் 15, அகஸ்டா நகரின் பெல் ஆடிட்டோரியம். நடனத் தளம் வெள்ளையர்களுக்கு, கறுப்பின ரசிகர்கள் மாடியில் என்று ஏற்பாடு. பெய்ன் கல்லூரி மாணவர்கள் தந்தி மூலம் தெரிவித்ததும் ரத்து செய்துவிட்டுக் கிளம்பினார். நிகழ்ச்சி அமைப்பாளர் வழக்குப் போட, 1962-ல் 757 டாலர் கட்ட வேண்டி வந்தது. 1963-ல் அதே அரங்கில், பிரிவினை இல்லாத கூட்டத்துக்கு வாசித்தார். மாநிலத்துக்குள் நுழைய எந்தத் தடையும் இருந்ததில்லை.

'ஜார்ஜியா ஆன் மை மைண்ட்' 1930-லேயே ஹோகி கார்மைக்கேல் மெட்டமைத்த பழைய பாட்டு. வண்டியில் போகும்போது ரே அதை முணுமுணுத்துக்கொண்டே இருந்ததைக் கேட்ட ட்ரைவர்தான் பதிவு செய்யச் சொன்னார். 1960 நவம்பரில் முதலிடம். 1979 மார்ச் 7 அன்று மாநில சட்டசபையில் பாடினார், அடுத்த மாதம் அது மாநிலப் பாடலாகவே ஆனது. மன்னிப்பு, தடை நீக்கம் என்பதெல்லாம் திரைக்கதை.

#18 – கோரஸ்குயில்

இனிப்பான பக்கத்தை மட்டும் சொல்லிவிட்டு முடித்துவிடாதீர்கள். பதினேழு வருடம் போல ஹெராயின். 1964-ல் பாஸ்டன் விமான நிலையத்தில் பிடிபட்டார். 1965-ல் மேடையை விட்டுவிட்டு மருத்துவமனையில் சேர்ந்து நிறுத்தினார், தண்டனை ஐந்து வருட நன்னடத்தைக் கண்காணிப்பாக முடிந்தது. 1966-ல் திரும்பி வந்து விட்ட ஆர் அண்ட் பி நம்பர் 1 பாட்டின் பெயர் 'லெட்ஸ் கோ கெட் ஸ்டோன்ட்'. அந்த மனுஷனுடைய குசும்பு அப்படி. பத்துப் பெண்களிடம் 12 பிள்ளைகள். பேண்டில் கண்டிப்பு, தாமதமாக வந்தால் அபராதம்.

2004 ஜூன் 10-ல் ஈரல் நோயால் இறந்தார். கடைசியாகப் பதிவு செய்த டூயட் ஆல்பம் அந்த ஆகஸ்டில் வந்து 8 கிராமி வாங்கியது. ஆனால் அவரைத் தெரிந்துகொள்ள அதிலிருந்து ஆரம்பிக்காதீர்கள், குரல் தளர்ந்துவிட்டது.

#19 – புதுக்கட்டை61

எதிலிருந்து ஆரம்பிப்பது? பயிற்சிக்கும் அதுவே உதவுகிற மாதிரி ஒன்று சொல்லுங்கள்.

#20 – மந்தரஸ்தாயி

'ட்ரௌன் இன் மை ஓன் டியர்ஸ்'. இரண்டு பதிவு இருக்கிறது, இரண்டும் வேண்டும். 1956-ல் வந்த ஸ்டூடியோப் பதிவு, அப்புறம் 1959 மே 28 அட்லாண்டா ஹெர்ண்டன் ஸ்டேடியத்தில் மேடைப் பதிவு. இரண்டாவது ஒரு உள்ளூர் ரேடியோக்காரர் மேடையிலிருந்து தள்ளி ஒரே மைக் வைத்துப் பிடித்தது, ஆனாலும் எல்லாம் தெளிவாகக் கேட்கும்.

#3-ல் கொடுத்த படியேற்றம் கைக்கு வந்த பிறகு இப்படிச் செய்யுங்கள். முதலில் பியானோவைத் தொடாமல் ஸ்டேடியப் பதிவுக்குத் தொடையில் தாளம் போடுங்கள், அடிக்கு மூன்று. ஸ்டூடியோப் பதிவை விட எவ்வளவு இழுக்கிறார் என்று கைக்குத் தெரியும். இரண்டு அடிக்கு நடுவே நாலு பேர் உட்கார்ந்து காபி குடிக்கலாம். பிறகு இடது கை பேஸ் மட்டும், அடியில் ஒரு நோட்டு. ஒரு வாரம் அவ்வளவுதான். அடுத்த வாரம் வலது கை, மூன்றில் முதல் "த"வில் மட்டும் கார்டு, "கிட" காலி. "கிட"விலும் அடித்தே தீருவேன் என்று விரல் அடம் பிடிக்கும், விட்டுவிடாதீர்கள். மூன்றையும் அடிக்கிற பழக்கம் ஒட்டிக்கொண்டால் பாட்டு உருட்டுக்கட்டை மாதிரி உருண்டு ஓடிவிடும், பாடுவதற்கு இடமே இருக்காது.

#21 – புதுக்கட்டை61

54-லேயே கை முன்னால் ஓடுகிறது அண்ணா.

#22 – மந்தரஸ்தாயி

மெட்ரோனோமை 27-ல் வையுங்கள், இரண்டு அடிக்கு ஒரு தட்டு. நடு அடியை நீங்களே வாயால் "தகிட" சொல்லி நிரப்புங்கள். உங்கள் கீபோர்டு 27-க்கு இறங்காவிட்டால் போனில் இலவச மெட்ரோனோம் இறக்கிக்கொள்ளுங்கள், பெரும்பாலானவை 20 வரை போகும்.